காய்ந்த காலோடு வந்தவர்

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் செயலியின் திகில் பிரிவில் இருந்த ஒரு சிறுகதைக்கு அஞ்சலை என்ற வாசகி கருத்து எழுதினார்: “கடல்ல செத்தவரு காஞ்ச காலோட வூட்டுக்கு வராரு.” ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

2. நான் அதைத் ‘தகவல் பிழை’ என்று வகைப்படுத்தி, கதையை எழுதிய செல்வினுக்கு அனுப்பினேன்.

3. செல்வின் மறுநாளே திருத்தினார். இறந்தவன் இப்போது நீர் சொட்டச் சொட்ட, வாசலில் ஈரத் தடம் பதித்து வந்தான்.

4. “இப்பதான் உடம்பு சிலிர்க்குது” என்று பலர் எழுதினார்கள்.

5. வெள்ளிக்கிழமை அஞ்சலை ஐந்தை ஒன்றாகக் குறைத்தார். காரணம் எழுதவில்லை.

எங்கள் அலுவலகம் ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. வாசகர் கருத்துகளைப் படித்துப் பிரிப்பது என் வேலை. திகில் பிரிவில் நட்சத்திரத்தை நம்பக்கூடாது என்பது எங்கள் வழக்கம். “லைட்டை ஆஃப் பண்ண முடியல, பாவிங்களா” என்று ரசித்து எழுதுபவர், செல்லக் கோபத்தில் ஒரு நட்சத்திரம் தட்டிவிட்டுப் போவார். அதனால் நான் பார்க்கும் திரையில் நட்சத்திரமே தெரியாதபடி மறைத்திருந்தேன். அப்படி மறைக்கும் நிரலை எழுதியது நான்தான். அஞ்சலையின் ஐந்து நட்சத்திரமும் அப்படித்தான் என் கண்ணில் படவில்லை.

ஆனால் ஒரே வாசகர் கொடுத்த மதிப்பீடு இப்படி ஐந்திலிருந்து ஒன்றாகச் சரிந்தால், அவரை அழைத்துக் கேட்க வேண்டும். எங்கள் டீம் லீட் ஸ்டெல்லா மேடம், “ரெண்டு நிமிஷக் கால்தான் பிரிசி, முடிச்சிட்டு புகார் டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடு” என்றார்.

அஞ்சலை கேட்ட முதல் கேள்வி: “கதைய மாத்துனது யாரு கண்ணு?”

“எழுதினவர்தான்க்கா. நீங்க தப்புன்னு சொன்னதால.”

“நான் எங்க தப்புன்னு சொன்னேன்? நல்லாகீதுன்னுதான சொன்னேன்.”

அவரே தொடர்ந்தார்.

“எங்க வூட்டுக்காரர கரைக்குக் கொண்டாந்தப்போ லுங்கி, சட்டை எல்லாம் ஈரம். அதிலிருந்து கண்ண மூடுனா ஈரமாத்தான் வராரு. உங்க கதையிலதான் ஒருத்தரு காஞ்ச காலோட வந்து நின்னாரு. மீன் வித்துட்டு பஸ்ல போறப்போ டெய்லி படிச்சிகினு போவேன்.”

“பேய்க் கதை, பயமா இல்லையாக்கா?”

“பேயா? அவரு இன்னா பண்ணாரு, சோறு கீதான்னு கேட்டாரு. அதுக்கா பயப்படுவாங்க?”

பழையதைத் திருப்பிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் சர்வர் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். இடம் மிச்சம் என்று அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான்.

செல்வின் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தர ஆய்வாளர். அழைத்தபோது பின்னால் கிரைண்டிங் சத்தம். “போன்லயே டைப் பண்றதுங்க, காப்பி வெச்சுக்கல. திரும்ப எழுதித் தரேன்” என்றார். இரண்டு நாளில் எழுதியும் தந்தார். அதை அஞ்சலைக்கு அனுப்பினேன்.

அவரே அழைத்தார். “கால் காஞ்சிதான் கீது. ஆனா இது வேற ஆளு கண்ணு.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்கக்கா. நான் அடிச்சுக்கறேன்.”

வாசலில் வந்து நிற்கும் இடத்திலிருந்து சோறு கேட்கும் இடம்வரை நிறுத்தாமல் சொன்னார். பதினொரு வரி. அதற்கு மேல் வரவில்லை. “பஸ்ஸு அதுக்குள்ள ஸ்டாப்பிங் வந்துடும்” என்றார்.

செயலிக்குள் அந்த வரிகளைச் சேர்க்க ஸ்டெல்லா மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. “இருக்கற வெர்ஷனைத்தான் எல்லாரும் படிக்கறாங்க. ஒருத்தருக்காக மாத்த முடியாதும்மா.” அவர் சொன்னதில் தவறில்லை. முதல் முறையும் ஒருவருக்காகத்தான் மாற்றினோம் என்பதை நான் சொல்லவில்லை.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருத்தை வகைப்படுத்தும் முன் அதை எழுதிய வாசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பின்னால் செய்யப்போகும் இரண்டு நிமிட அழைப்பை முன்னால் செய்யுங்கள்.

இன்றைய நிலை: என் திரையில் நட்சத்திரம் தெரிகிறது. சர்வர் பழைய பதிப்புகளைச் சேமிக்கிறது. கதையில் இறந்தவன் ஈரமாகத்தான் வருகிறான். பதினொரு வரியையும் அஞ்சலையின் போனுக்கு அனுப்பிவிட்டேன். அவருடைய ஒரு நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. அதன்பின் அவர் செயலியைத் திறக்கவில்லை.