அப்பாவைப் பெற்றவளின் பெயரைத் தேடி விழுப்புரம், திண்டிவனம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலேறினேன். ஊர் பார்க்க இல்லை. எண்பதைத் தொடப்போகும் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் அவர் தெரிந்துகொள்ள நினைத்தது ஒன்றே ஒன்று, தன்னைப் பெற்றவளின் பெயர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் இறந்துவிட்டாள். தாத்தா மறுமணம் செய்துகொண்டார். மூத்தாள் பெயரை வீட்டில் சொன்னால் இளையாளுக்கு ஆகாது என்று, அந்தப் பெயரையே ஒழித்துக்கட்டிவிட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி இறப்புப் பதிவுதான் கதி.

விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். நான் போன பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பத்தரை மணிவரை நாற்காலிகள் மட்டுமே பணிக்கு வந்திருந்தன. பிறகு வந்தவர், எங்கள் ஊர் இருக்கும் ஓமந்தூர் பக்கத்துக் கிராமங்களின் பழைய புத்தகங்கள் திண்டிவனத்தில் இருக்கும் என்றார். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். யார் எடுத்தார்கள்?

திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். பக்கத்து சீட்டு அம்மாள் மல்லாட்டை உரித்து, கடலையை வாயில் போட்டுக்கொண்டே விசாரித்தார். சொன்னேன்.

“பேரே தெரியாம எப்டிம்மா தேடுவ?”

“எங்க தாத்தா பேரை வச்சுத்தாங்க.”

“அப்ப அவரு பேருதான் இருக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

திண்டிவனத்தில் ரெக்கார்டு ரூம் ஊழியர் பொறுமைசாலி. கட்டுகளை அவரே இறக்கிக் கொடுத்தார். தொட்டால் அப்பளமாக நொறுங்கும் தாள்கள். மூன்று மணிக்கு எங்கள் கிராமம் அகப்பட்டது. அதில் தாத்தா பெயரும் இருந்தது. வரியில் விரல் வைத்துப் படித்தேன். இறந்தவர் பெயர்: ‘கோவிந்தசாமி சம்சாரம்’. வயது பத்தொன்பது. காரணம் காய்ச்சல்.

“அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு இப்டித்தாங்க எழுதிக்கினு போயிருக்காங்க” என்றார் ஊழியர்.

முன்னும் பின்னும் புரட்டினேன். இன்னார் சம்சாரம், இன்னார் தாயார், இன்னார் மகள். செத்த பிறகும் இவர்களுக்கு ஒரு பெயர் கொடுக்க மனம் வரவில்லை. ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், ஆண்டையும் கிராமத்தின் பழைய தாலுகாவையும் தெரிந்துகொண்டு போங்கள். முகக்கவசம் அவசியம், அவ்வளவு தூசி. மதியம் ஒன்றரைக்கு மேல் ஒரு மணி நேரம் ஆள் இருக்க மாட்டார்கள். தேடுவது பெண்ணின் பெயர் என்றால், வீட்டில் உயிரோடு இருப்பவர்களிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அலுவலகங்களை நம்பிப் பயனில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். லட்சுமி, பச்சையம்மாள் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் ஒப்பவில்லை.

“பேரு போடலப்பா. வயசு மட்டும் இருக்கு. பத்தொம்பது.”



“உம் பொண்ணுக்கு இருவது ஆவுது” என்றார் அப்பா. “அதைவிடச் சின்னவளாம்மா எங்கம்மா?”