பெயர் எழுதாத அங்கி

எங்கள் தெருவில் காய்ச்சலில் விழுகிறவர்கள் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, பொன்னுத்தங்கம் அக்காவைத்தான். விருதுநகரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற எங்கள் அம்மா மாடத்திக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்பு. வேறு யார் ஊசி போட்டாலும் நரம்பு சிக்காது. அக்கா மட்டும் விரல் நுனியால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ஏற்றிவிடுவார். அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

பன்றிக் காய்ச்சல் வந்த வருசம், தீபாவளி சீசன் மும்முரத்தில் அம்மா படுத்துவிட்டாள். தனி வார்டில் போட்டார்கள். வாந்தி நிற்கவில்லை, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. உடனே குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் ஆள் தங்காது என்றார் டாக்டர்.

இரண்டு வெள்ளை மூட்டைகள் உள்ளே வந்தன. தலை முதல் கால் வரை அங்கி, முகமூடி, கண்ணாடி, கையில் இரட்டை உறை. ஆள் அடையாளத்துக்கு நெஞ்சில் பெயர் எழுத மார்க்கர் இருந்தது. அவசரத்தில் யாரும் எழுதவில்லை. ஒரு மூட்டை அக்கா. இன்னொன்று புதிதாக வேலைக்கு வந்த பெனாசிர்.

"பெனாசிர், டார்ச்சக் காட்டு" என்று சொல்லி அக்கா குத்தினார். உறைக்குள் விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடியெல்லாம் ஆவி. முதல் குத்து தப்பியது. இரண்டாவதில் நரம்பு உடைந்து வீங்கியது.

அம்மா முனகினாள். "ஏம்மா, இங்கன பொன்னுத்தங்கம்னு ஒரு நர்சு இருக்கா. எங்க தெருக்காரி. அவளக் கூப்பிடுங்க. இருட்டுல குத்துனாக்கூட ஏத்திருவா."

முகமூடிக்குள் அமுங்கிப்போன குரலில் அக்கா பதில் சொன்னார். "அவுங்க இன்னைக்கு லீவு."

சொல்லிவிட்டு உறையைக் கழற்றப் போனார். பெனாசிர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க்கா. கணுக்கால்ல பாருங்க. அந்த நரம்பு எல்லாருக்கும் ஒரே எடந்தான், தடவிப் பாக்கவே வேண்டாம்."

கணுக்காலில் ஏறியது. அம்மா பிழைத்தாள்.

ஆனால் அங்கே அவள் காதில் விழுந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் கையை நீட்டிக் காட்டினாள். "பெனாசிருன்னு ஒருத்தி, சல்லடையாக்கிட்டா. நம்ம பொன்னு இருந்திருந்தா இம்புட்டு உண்டா?" பெனாசிர் குத்துகிற மாதிரி நான் நடித்துக் காட்டினேன். தெருவே சிரித்தது. அக்கா மட்டும் பாதிக் குடத்தோடு போய்விட்டார்.

அடுத்த வாரம் பெனாசிர் வீடு வீடாகக் காய்ச்சல் மாத்திரை கொடுக்க வந்தாள். பெயரைக் கேட்டதும் அம்மா கையை முந்தானைக்குள் ஒளித்தாள். "ஏட்டி, தள்ளியே நில்லு. ஊசி கீசி கொண்டாந்திருக்கியா?"

"மாத்திரை மட்டுந்தாம்மா." குழாயடியில் நின்ற அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "மதினி, அன்னைக்கு ஒங்க கையக் குத்துனது நாந்தான். கால்ல பாக்கச் சொல்லி ஒங்களக் காப்பாத்துனது இந்தப் பிள்ளதான்."

"நீ லீவுன்னுல்ல சொன்னாக?"

"அதச் சொன்னதும் நாந்தான்."

அம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். "அடி கிறுக்கச்சி, நீதான்னு சொல்லிருந்தா இன்னும் ரெண்டு குத்து சேத்து வாங்கிருப்பேனே."

அக்கா நிமிரவே இல்லை. நடித்துக் காட்டிய நான் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் அங்கியை மாட்டியதும் அக்கா முதலில் எடுப்பது மார்க்கரைத்தானாம், பெனாசிர் சொன்னாள். பொன்னுத்தங்கம் என்று நெஞ்சு நிறைய எழுதுகிறாராம். குத்து தப்பினால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமாம்.