மூன்றாவது ஓலையும் என் இன்ச் டேப்பும்

மூன்றாவது ஓலைக்கு நான்கே நாள் இருந்தது. கல்யாணப் பிளவுஸுக்கு அளவு கொடுக்க கிரேஸ் என் கடைக்கு வந்தாள். டேப்பைச் சுற்றி எண்ணைப் பார்த்தேன். மறுபடி சுற்றிப் பார்த்தேன். அதே எண்தான்.

என் பெயர் எஸ்தர். தி. நகரில், பெரிய துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். வீடு திருவான்மியூரில். இந்தச் சாட்சியில் என்னைப் பெருமைப்படுத்த ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைத் தூக்கி நிறுத்தினவர் ஆண்டவர். அதற்கு முன்னால் நான் எவ்வளவு விழுந்தேன் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

நம் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். வீடு மாறலாமா, வேலையை விடலாமா, பெண்ணை இந்த இடத்தில் கொடுக்கலாமா, எது வந்தாலும் நன்றாக ஜெபிக்கிறவர் ஒருவரிடம் போய், "ஜெபிச்சுச் சொல்லுங்க" என்போம். எங்கள் சபையில் பதினெட்டு வருஷமாக அந்த ஒருவர் நான்தான். எப்படி ஆரம்பித்தது என்றே ஞாபகமில்லை. இரண்டு மூன்று தடவை நான் சொன்னது நடந்தது, அதோடு அந்தப் பேர் நிலைத்துவிட்டது. என் கடையில் ஹூக் வைக்கிற கஸ்தூரி வேறு சாமி கும்பிடுகிறவள். அவள் கேலி பண்ணுவாள். "இன்னாக்கா, உங்க சாமி உங்களுக்கு மட்டும் தனியா போன் போடுதா?" நான் சும்மா சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கிரேஸ் என் தோழி சாந்தியின் மகள். சாந்தி அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. புருஷன் இறந்த பிறகு ஒற்றை ஆளாக நின்று வளர்த்த பெண். வயது இருபத்து நான்கு, மெடிக்கல் ஷாப்பில் வேலை. போன வருஷம் அசோக் நகரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல உத்தியோகம், சபையில் பேர் உள்ள குடும்பம். கிரேஸ் பையனை ஒரு தடவை சந்தித்துவிட்டு வந்து, "எனக்கு என்னவோ சரியாப் படலம்மா" என்றாளாம். சாந்தி நேராக என்னிடம் வந்தாள்.

"எஸ்தரு, நீ ஜெபிச்சுச் சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா."

நான் ஜெபித்தேனா? முழங்கால் போட்டேன், அவ்வளவுதான். கல்யாண சீசன், இருபது பிளவுஸ் பாக்கி. கண்ணை மூடினால் லைனிங் துணிதான் வந்து நின்றது. போதாததற்கு மாப்பிள்ளையின் அம்மா என் கடைக்கே வந்து, என் தையலை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலையில் சாந்திக்குப் போன் போட்டேன். "கர்த்தர் சம்மதம் தந்துட்டார். தைரியமாப் பண்ணு" என்றேன்.

அதற்குப் பிறகு கிரேஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நிச்சயம் முடிந்தது. ஆலயத்தில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. அந்தப் புதன்கிழமைதான் அவள் அளவு கொடுக்க வந்தாள்.

நிச்சயத்துக்குத் தைத்தபோது மேல் சுற்று முப்பத்து நான்கு. அளவு நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டே மாதம். இப்போது முப்பத்தொன்று. கையும் குச்சியாகியிருந்தது. கஸ்தூரி எட்டிப் பார்த்து, "டேப்பு சுருங்கிப்போச்சாக்கா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"என்னடி, சாப்பிடறியா இல்லியா?"

"இறங்க மாட்டேங்குது ஆன்ட்டி."

கஸ்தூரியை டீ வாங்க அனுப்பினேன். கிரேஸ் மெதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளை அவள் போனைப் பிடுங்கி, கூட வேலை பார்க்கிறவர்களின் நம்பரையெல்லாம் அழித்திருக்கிறான். ஹோட்டலில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் அழித்தாய் என்று கேட்டதற்கு, மேஜைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்ததாம்.

"அம்மாகிட்ட ஏன்டி சொல்லல?"

"ஆண்டவரே சரின்னு சொல்லிட்டாரே ஆன்ட்டி. இனிமே நான் வேணாம்னா அவரையே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டா? அவர் உங்ககிட்ட சொன்னப்போ, என் பேரைச் சொன்னாரா?"

உண்மையைச் சொல்ல ஆண்டவர் எனக்குக் கதவைத் திறந்தே வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொன்னாரும்மா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். கஸ்தூரி கொண்டுவந்த டீ ஆறிப்போனது.

வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, பேசும். நான் என்ன செய்யணும், ஒரு வார்த்தை சொல்லும்" என்று கதறினேன். ஒரு சத்தமும் இல்லை. பதினெட்டு வருஷம் 'சொன்னார், சொன்னார்' என்று சொன்னவளுக்கு, நிஜமாகவே கேட்ட அன்று பதில் இல்லை. பயந்துபோனேன். வேதத்தை விரித்து, கண்ணை மூடி விரலை வைத்தேன். யார் யாரைப் பெற்றார்கள் என்று வெறும் பெயர்களாக வந்தது. மறுபடி வைத்தேன். அப்போதும் அதே பட்டியல்தான். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

எழுந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. அவர் புதிதாக எனக்கு என்ன சொல்ல வேண்டும்? டேப்பில் காட்டிவிட்டார். அந்தப் பெண் வாயால் நேருக்கு நேராகக் கேட்டும்விட்டார். செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். என் பேர் போய்விடுமே என்கிற பயம்தான் காதை அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி முழங்காலில் விழுந்தேன். "இனி வழி காட்டும் என்று கேட்கமாட்டேன் அப்பா. நீர் காட்டின வழியில் நடக்க பலம் தாரும். என்னோடு நிற்க ஒரே ஒரு ஆளைத் தாரும்." என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாந்தி வீட்டுக்குப் போனேன். கிரேஸ் சொந்தக்காரர்களோடு பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். சாந்தியிடம் முழுவதையும் சொன்னேன். நான் ஜெபிக்காததை, பொய் சொன்னதை, மணிக்கட்டை, முப்பத்தொன்றை. அவள் முகம் கறுத்துவிட்டது.

"இன்னா எஸ்தரு, இப்ப வந்து சொல்றே? பத்திரிகை பாதி ஊருக்குக் குடுத்தாச்சு. ஜனங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? கிரேஸ் அப்பா செத்தப்போ, ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டேன்னு சொன்னார்னு வந்து சொன்னியே, அதை நம்பித்தானே எழுந்து உக்காந்தேன்! அதுவும் உன் சரக்குதானா?"

சாந்தி எழுந்து வாசல் கதவைத் திறந்தாள்.

"பிசாசு உனக்குள்ள பூந்துகினு கீது. என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசாதே. போ!"

சனிக்கிழமை கிரேஸுக்குப் போன் போட்டேன். சாந்தி எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். போதகரைத் தேடிப் போனேன். வெளியூர்க் கூட்டம், ஞாயிறு காலைதான் வருவார் என்றார்கள். சரி, ஞாயிறு என்றால் ஞாயிறு என்று வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு ஆராதனை. அறிவிப்புகளுக்குப் பிறகு போதகர் ஓலையை எடுத்தார். கிரேஸ் பெயரை வாசித்தார், மாப்பிள்ளை பெயரை வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம்." வழக்கம்போல அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

கால் தானாக எழுந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. முன் பெஞ்சைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நான்தான் எழுந்தேன்.

"பாஸ்டர், இந்தக் கல்யாணத்துக்குக் கர்த்தர் சம்மதம் சொன்னார்னு சொன்னது நான். அவர் சொல்லல. நானே சொல்லி, அவர் பேரைப் போட்டேன். கிரேஸ், உன் பேரை அவர் எங்கிட்ட சொல்லலம்மா. நீ வேணாம்னா அது அவரை எதிர்க்கிறது இல்ல."

ஆலயமே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, "உக்காருங்கம்மா, இன்னா இது" என்றார். முன் வரிசையில் சாந்தி எழுந்தாள். என்னை நோக்கி விறுவிறுவென்று வந்தாள். அறையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். வந்தவள் என் பக்கத்தில் திரும்பி நின்றாள்.

"ஓலையை நிறுத்துங்க பாஸ்டர். எம்பொண்ணு மொதல்லயே வேணாம்னுதான் சொன்னா. நாங்க ரெண்டு பேரும்தான் கேக்கல."

போதகர் கிரேஸைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். "எனக்கு வேணாம் பாஸ்டர்" என்றாள். கடைசி பெஞ்சுக்கும் கேட்டது. போதகர் ஓலையை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

நான் கேட்டது ஒரே ஒரு ஆள். என்னைத் துரத்தினவளையே ஆண்டவர் கொடுத்தார். பிறகுதான் சாந்தி சொன்னாள். அன்று காலை கிரேஸ் நிச்சயத்துக்குத் தைத்த பிளவுஸைப் போட்டிருக்கிறாள். தொளதொளவென்று இருந்திருக்கிறது. முதுகில் இரண்டு சேப்டி பின் போட வேண்டியதாயிற்றாம். "பின்னு குத்தும்போதெல்லாம் முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு நீ சொன்னதே காதுல ஓடிக்கினு இருந்துது. இருந்தாலும் வாய் வரல. நீ எழுந்தப்புறம்தான் வந்துது."

எல்லாம் உடனே இனிப்பாக மாறிவிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து கத்திவிட்டுப் போனார்கள். சபையில் பல பேர் என்னிடம் தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். சாந்தி நாலு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் யாருக்கெல்லாம் 'சொன்னார்' என்று சொன்னேனோ, ஞாபகம் உள்ள அத்தனை வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். எது அவருடையது, எது என்னுடையது என்று தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. ஆனாலும் அந்த மாதங்களில் நான் தூங்கின மாதிரி அதற்கு முன் தூங்கினதில்லை.

இப்போதும் சிலர் கடைக்கு வந்து, "ஜெபிச்சுச் சொல்லுங்க அக்கா" என்கிறார்கள். மெஷினை நிறுத்திவிட்டு அவர்களோடு அங்கேயே முழங்கால் போடுகிறேன். ஜெபிக்கிறேன். சொல்வதில்லை.

கிறிஸ்துமஸுக்குப் புதுப் பிளவுஸ் தைக்க கிரேஸ் வந்தாள், சாந்தியும் கூட வந்தாள். டேப்பைச் சுற்றினேன். முப்பத்து நான்கு. கண்ணீர் மறைத்ததால் கஸ்தூரியைத்தான் நோட்டில் எழுதச் சொன்னேன். கிரேஸ், "ஆன்ட்டி, கோயம்புத்தூர்ல ஒரு வேலை வந்திருக்கு. போலாமா வேணாமான்னு தெரியல" என்றாள்.

"நீ கேட்டியா அவர்கிட்ட?"

"கேட்டுக்கிட்டே இருக்கேன். இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எங்கிட்டயும் சொல்லல" என்றேன். சாந்திதான் முதலில் சிரித்தாள்.

அன்பானவர்களே, உங்களுக்காகக் கேட்டுச் சொல்ல ஆள் தேடாதீர்கள். நீங்களே கேளுங்கள். பதில் வராத நாட்களில் வந்ததாகச் சொல்லாதீர்கள், பொறுத்திருங்கள். கண் முன்னால் அவர் ஏற்கெனவே காட்டியிருப்பதைப் பாருங்கள். பார்த்த பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டாவது எழுந்து நில்லுங்கள். உங்கள் பக்கத்தில் வந்து நிற்க அவர் யாரை அனுப்புவார் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.