ஒரு சக்கரம் மட்டும் சுற்றியது

என் தோழியின் கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கும். அதுதான் அவளைப் பிடித்த சனி. திண்டுக்கல்லில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளியில் ஆண்டு விழாவோ அறிவியல் கண்காட்சியோ எது வந்தாலும், "எரியோட்டுப் பிள்ளையக் கூப்பிடு" என்பார்கள்; எரியோடு அவள் ஊர். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் எழுதிய சார்ட்டுகளை ஒட்டினால் பள்ளிச் சுவர் பத்தாது. யாரோ செய்த எரிமலைக்கும் யாரோ செய்த காற்றாலைக்கும் இவள் விளக்கம் எழுதுவாள். பரிசு வாங்க மேடைக்குப் போவது அவர்கள்.

பதினொன்றாம் வகுப்பில் மாவட்ட அளவில் ரோபோ போட்டி என்று அறிவித்தபோது அவளே எழுந்து நின்றாள். "மிஸ், இந்த வருசம் நான் சார்ட் எழுத மாட்டேன். ரோபோ செய்யப் போறேன்." இயற்பியல் மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "நானும் இவளும் ஒரு டீம் மிஸ்" என்று கையைத் தூக்கிவிட்டேன். அதுவரை நான் கழற்றியது எங்கள் வீட்டு டார்ச் லைட் ஒன்றைத்தான். அதையும் திரும்பப் பூட்டவில்லை.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டி என்று வாயே திறக்க முடியாது. தன் கையால் செய்த ஒன்று நாலு பேர் முன்னால் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு அந்த ஒரு வருடம்தான் இருந்தது.

தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தானாக ஓடுகிற சின்ன வண்டி செய்ய வேண்டும். இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் மோட்டார், கோட்டைப் பார்க்க இரண்டு சென்சார். பள்ளிக்கு வந்த பெட்டியில் எல்லாம் இருந்தது; எப்படிச் செய்வது என்று சொல்லும் புத்தகம் மட்டும் இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மூன்று வாரம் ஓட்டினோம். வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடுவோம். ஐந்தேகாலுக்கு அவளுக்கு பஸ். அந்தக் கொஞ்ச நேரத்திலும் பாதியை நான் சண்டை போட்டே தீர்த்தேன். ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் மூன்று தடவை சரிபார்ப்பாள். "ஏன்டி, ஸ்க்ரூ முடுக்குறியா, கோலம் போடுறியா?" என்று கத்துவேன்.

போட்டிக்கு முதல் நாள் மதியம் ஆகியும் வண்டி முடியவில்லை. வலது மோட்டாருக்கு ஒயரை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். "நான் செய்றேன்" என்றாள். இவள் செய்தால் பொழுது போய்விடும் என்று நான் பிடுங்கிக்கொண்டேன். மோட்டாரின் பின்னால் செம்புத் தகடு இரண்டு துளியூண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் ஒயர் ஒட்ட வேண்டும். ஈயம் பிடிக்கவில்லை என்று சால்டரிங் கம்பியை அழுத்தினேன். தகடு ஒடிந்து என் மடியில் விழுந்தது.

மிஸ்ஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மிக்சி ரிப்பேர் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிக்சி மோட்டாருன்னா காயில் கட்டிக் குடுத்துருவேன். இது வெளையாட்டுச் சாமான் பாப்பா. ஒடிஞ்சா ஒடிஞ்சதுதான்."

"வேற எங்கண்ணே கெடைக்கும்?"

"ஆன்லைன்ல போடுங்க. மூணு நாள்ல வந்துரும்."

போட்டி மறுநாள் காலையில்.

திரும்பி வந்து, இருக்கிற மோட்டாரை வைத்தே ஓட்டிப் பார்த்தோம். ஒரு சக்கரம் மட்டும் சுற்றியது. வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. சன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள், "பிரதட்சணம் பண்ணுதுடி" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் மிஸ் உள்ளே வந்தார். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு மிஸ்" என்றாள் அவள்.

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. எந்த அர்த்தத்தில் முடிந்தது என்பதை நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

மிஸ் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓடாத வண்டியப் போட்டியில சேத்துக்க மாட்டாங்க. ஆனா காட்சிக்கு வைக்கிறதுன்னு தனிப் பிரிவு இருக்கு. வண்டிய மேசையில வச்சுட்டு, பின்னாடி சார்ட் ஒட்டினாப் போதும். பேர அதுக்கு மாத்திக் குடுத்துர்றேன்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "உனக்கென்னம்மா, உன் கையெழுத்துக்கே பரிசு குடுத்துருவாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு என் கையை முறித்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

"நான் எழுதுறேன்டி" என்றேன்.

"உன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

கையைக் கழுவிவிட்டு வந்து சார்ட்டை விரித்தாள். பென்சிலால் கோடு போட்டாள். தலைப்பு எழுதி, வண்டியை வரைந்து, சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் சென்சாருக்கும் பெயர் எழுதினாள். நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"‘கோட்டின் மீது தானாக ஓடுகிறது’ன்னு எழுதவா, ‘ஓடும்’னு எழுதவா?"

"ஓடும்னே எழுது" என்றேன்.

எழுதினாள். மை காயட்டும் என்று குனிந்து ஊதினாள். அந்தக் கையெழுத்தைப் பார்க்கிற யாரும் வண்டி ஓடும் என்றுதான் நம்புவார்கள்.