மேலப்பாளையத்துக்கு வந்த கொரியக் கப்பல்காரன்

எங்கள் வகுப்பில் ஒருநாள், பொழுதுபோக்கு என்றால் என்ன என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு கதை செய்த வேலையைப் பார்த்து வாயடைத்துப் போனவள் நான். அது ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற சங்கதி இல்லை.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கொரியத் தொடர் பைத்தியம். மேலப்பாளையத்தில் ஒரு பஸ், ஜங்ஷனில் மாறி இன்னொரு பஸ் என்று பல்கலைக்கழகத்துக்குப் போகவர இரண்டரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் என் காதில் கொரியாக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவள் ஏதாவது துருக்கித் தொடரில் மூழ்கியிருப்பாள். முன்சீட்டு அண்ணாச்சி, யாரோ முன்பின் தெரியாதவர் மீன்குழம்பு வைப்பதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு வருவார். பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும், கீழே தாமிரபரணி நிறைந்து போகும், ஒருவரும் தலையைத் தூக்க மாட்டோம். இதை எல்லோரும் குறையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கோ இதை நினைத்தால் ஆச்சரியம் தாங்காது. பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில் ஒருத்தி நடித்து அழுகிறாள். பேட்டை நிறுத்தத்தில் நான் ஏன் மூக்கைச் சிந்த வேண்டும்?

அந்த வருடம்தான் சவூதியில் வேலைக்கு இருந்த எங்கள் சாச்சா மவுத்தானார். சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி, அவர் மனைவி சாச்சி. தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது. அவருடன் ஒரே அறையில் இருந்தவர் விடியற்காலையில் வாப்பாவுக்குப் போன் செய்தார்.

அக்கரையில் ஓர் ஆள் இறந்துபோனால் மனைவியிடம் உடனே சொல்லிவிடுகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. முதலில் உடம்புக்கு முடியவில்லை என்பார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்பார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த பிறகுதான் உண்மை வெளியே வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, சாச்சியின் போனை வாங்கி வைத்துக்கொள்வது. டவர் கிடைக்கவில்லை, சரி செய்து தருகிறேன் என்று வாங்கி, அணைத்து, என் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளுக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். ஒரே வீட்டில் முன்கட்டில் நாங்கள், பின்கட்டில் அவள். பெயருக்குத்தான் சாச்சி, உண்மையில் என் சிநேகிதி, கூட்டுக்காரி. இரண்டு நாள் நோன்பு வைத்து, சாச்சா நல்லபடியாக எழுந்துவர வேண்டும் என்று கையேந்தி துஆக் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் சொன்னேன். மய்யித்தை அங்கேயே அடக்குவதற்கு அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளிடம் சொன்னார்கள்.

அவள் அழவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது. சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவாள், தண்ணீர் கொடுத்தால் குடிப்பாள், முகம் பார்க்க மாட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட நான் இரண்டு நாள் அழுதுவிட்டுத் தேறியிருப்பேன்.

சாச்சி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதற்கு அப்படிப் பெயர். டிவியைத் துணி போட்டு மூடியாயிற்று. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் உம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பீடித் தட்டோடு பின்கட்டுக்கு வந்துவிடுவார்கள். தட்டை மடியில் வைத்து, இலையில் தூளைப் போட்டு, சுருட்டி, நூல் கட்டுவார்கள். சாச்சியும் தலையைக் குனிந்துகொண்டு பீடி சுற்றுவாள். துக்க வீட்டில் எதைப் பேசினாலும் தப்பாகிவிடுமோ என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் இலையை வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை, சும்மா இருக்க முடியாமல் பக்கத்து வீட்டு மாமி, அந்தப் போனில் அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறாய் என்று என்னிடம் கேட்டாள். பஸ்ஸில் பார்த்த தொடரைச் சொல்லத் தொடங்கினேன். துறைமுகத்துப் பக்கம் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற ஒரு பெண். கப்பலில் இன்ஜின் வேலை பார்க்கிற அவள் புருஷன். வந்தால் பத்து நாள் இருப்பான், போனால் ஒன்பது மாதம் ஆகும். இதைக் கேட்டதும் மாமி, அப்போ அவன் நம்ம ஊர் ஆள்தான் என்று சொல்லிவிட்டாள். பாதிக் கதையில் உம்மா எதற்கோ என்னை அடுப்பங்கரைக்கு அனுப்பினாள். திரும்பி வரும்போது கதவருகே நின்று பார்த்தேன். சாச்சியின் கை ஓடாமல் நின்றிருந்தது. நான் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பிடித்ததும் கை மறுபடி ஓடியது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது போதும் எனக்கு. எப்பாடுபட்டாவது இந்தக் கதையை வைத்தே அவள் வாயிலிருந்து என்னை நோக்கி ஒரு சொல்லை வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாரத்துக்கு இரண்டு பகுதி வரும். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று பஸ்ஸில் பார்த்து, சாயங்காலம் சொல்வேன். பாடத்துக்குக்கூட நான் அப்படிக் குறிப்பெடுத்ததில்லை. அவர்கள் கேட்கிற கேள்விகள் அப்படி. அவள் கடை நூடுல்ஸ் சாற்றில் என்ன எலும்பு போடுகிறாள்? இந்த வயதுப் பெண்ணைத் தனியாகக் கடையில் விட்டுவிட்டுத் தாய்தகப்பன் எங்கே போனார்கள்? மாமியார்க்காரி வாய் எப்படி? பன்றி இறைச்சியை எல்லாம் நான் மாட்டிறைச்சி ஆக்கிவிட்டேன். பச்சைப் பாட்டிலில் அவர்கள் ஊற்றிக் குடிப்பதை நன்னாரி சர்பத் என்று சொல்லிவைத்தேன். ஒருநாள் கதாநாயகன் சர்பத் குடித்துவிட்டு நடுரோட்டில் விழுந்து கிடந்து அழுதபோது, மாமி பீடியைக் கீழே வைத்துவிட்டு, சர்பத் குடித்தவன் விழுந்து கிடப்பதை இந்த வயதில் இப்போதுதான் கேட்கிறேன் என்றாள். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சாச்சியின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்ததை நான் பார்த்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உண்மையைச் சொன்னால், அவர்களைப் பார்த்துப் பார்த்து நான்தான் பிரமித்துப் போனேன். நான் படம், பாட்டு, பனி, முகம் எல்லாம் பார்த்தும் கவனிக்காததை அவர்கள் வெறும் என் வாய்ச்சொல்லில் பிடித்தார்கள். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் செருப்பை வாசலைப் பார்த்தே கழற்றி விடுகிறான் என்று போகிறபோக்கில் சொன்னேன். போகப் போகிறவன் அப்படித்தான் விடுவான் என்றாள் மாமி. அடுத்த நாள் பஸ்ஸில் பழைய பகுதியைத் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். எடுத்தவர்கள் அதை நினைத்துத்தான் எடுத்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் யாருக்கும் இது தட்டுப்பட்டிருக்காது. உம்மா சோற்றில் கை வைத்துக்கொண்டே, அந்தப் புள்ள நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்பாள். யாரைச் சொல்கிறாள் என்று வாப்பா விழிப்பார்.

பதினோராம் பகுதியை நான் ஜங்ஷனில் பஸ் மாறும்போது பார்க்கத் தொடங்கினேன். பேட்டை தாண்டியதும் அவன் செத்துப்போனான். எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில், கப்பலின் இன்ஜின் அறைக்குள். கம்பெனியிலிருந்து அவளுக்குப் போன் வருகிறது. அவள் கரண்டியைப் பிடித்தபடியே நிற்கிறாள், சாறு கொதித்துப் பொங்கி அடுப்பு அணைகிறது. நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து தட்டித்தான் இறக்கிவிட்டார். போக வேறு இடமில்லாமல் கொரியாவுக்குப் போய், அங்கேயும் இதே மவுத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அன்று பகலெல்லாம் யோசித்தும் வழி தெரியவில்லை. சாயங்காலம் நாலு பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கப்பலில் ஏதோ வெடித்தது என்பது வரை சொல்லிவிட்டேன். பிறகு என் வாய் தானாகவே சொன்னது: “அவன ஆஸ்பத்திரியில சேத்துருக்காவ.”

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. நான் யோசித்துக் கட்டிய பொய் இல்லை அது. எங்கள் தெருவில் எப்போதும் தயாராக இருக்கிற பொய். உம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சாச்சி தலையைத் தூக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு யாரும் படக்கூடாது. நிஜத் தொடரில் அவள் கடையைச் சாத்திவிட்டுக் கப்பல் கம்பெனி வாசலில் போய் நிற்கிறாள். என் கதையில் அவன் கட்டிலில் கிடந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் வந்தார், போனார். ஆப்பிள் வாங்கி வந்தார்கள். கதை சவசவ என்று ஆகிவிட்டது எனக்கே தெரிந்தது. மாமி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி, அவன் அந்தக் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டானா என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் வரவில்லை.

நான் நாலாவது தடவையாக டாக்டரைக் கூட்டி வந்தபோது சாச்சி தட்டை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதாளா? அவன் மவுத்தாயிட்டான். எதுக்கு மறைக்கே?”

உம்மா குறுக்கே விழுந்து, கதை போதும், எழுந்து தொழுகைக்கு ஒளு செய்யுங்கள் என்று எல்லோரையும் கிளப்பப் பார்த்தாள். சாச்சி கையை நீட்டி உம்மாவைத் தடுத்தாள்.

“அவ சொல்லட்டும் லாத்தா. எப்பம் செத்தான்?”

இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் மறைத்தேன், அன்றைக்கும் அதற்குத்தான் போனை வாங்கினேன், என்னை மன்னித்துவிடு என்று உளறினேன். அவன் செத்ததைச் சொல் என்றாள் சாச்சி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். போன் வந்ததையும், கரண்டியையும், சாறு பொங்கி அடுப்பு அணைந்ததையும், கம்பெனி வாசலில் அவள் மழையில் நின்றதையும், யாரும் அவளை உள்ளே விடாததையும் ஒன்று விடாமல் சொன்னேன். மாமி வாய்விட்டு அழுதாள். சாச்சி அழவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு உடனே சொன்னார்களா என்று மட்டும் கேட்டாள். உடனே சொன்னார்கள் என்றேன்.

“குடுத்து வச்சவ,” என்றாள் சாச்சி.

பிறகு அவள் இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்க சாச்சா எப்பிடிப் போனாவன்னு இதே மாதிரி சொல்லு. அன்னைக்கு போன் வந்தப்ப நீதான பக்கத்துல நின்ன?”

நான்தான் நின்றேன். வாப்பாவுக்குச் சரியாகக் கேட்காததால் போனைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டதே நான்தான். அறையில் உடன் இருந்தவர் சொன்னது முழுவதும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அவளிடம் பெரியவர்கள் சொன்னது ஒரே வரி: தூக்கத்தில் போய்விட்டார், கஷ்டப்படவில்லை. மீதியை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சொன்னேன். முந்தின நாள் சாச்சா வேலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். இரண்டு சட்டை துவைத்துக் காயப்போட்டார். அன்று அறையில் சமையல் அவர் முறை. சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். உப்புக் கூடிப்போச்சு என்று எல்லோரும் கேலி செய்தார்கள். கருவாட்டில் உப்பு இல்லாமல் சர்க்கரையா இருக்கும் என்று அவர் சண்டைக்குப் போனார். படுக்கும்போது, பெருநாளைக்கு ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்திருக்க அலாரம் வைத்தார். காலையில் அலாரம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மேல்கட்டிலில் படுத்திருந்தவர், மனிதனைத் தூங்கவிடாமல் இது என்ன என்று திட்டுவதற்காகத்தான் இறங்கி வந்திருக்கிறார்.

சாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. உப்புக் கூடத்தான் இருந்திருக்கும், அவுகளுக்குக் கை நிதானம் கிடையாது என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து, அந்த வீடு இரண்டரை மாதமாகக் காத்துக்கொண்டிருந்த அழுகை வந்தது. உம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் பயந்துபோய் எழப் பார்த்தேன். அவள் மணிக்கட்டை விடவில்லை.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மொதல்லருந்து சொல்லு,” என்றாள்.

சட்டை துவைத்ததிலிருந்து தொடங்கினேன்.