இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

அவரை எல்லோரும் நெட்டையர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி வளர்ந்த மனிதர் போயும் போயும் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலைக்கு வந்து சேர்ந்தார். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நிமிர்ந்து நிற்கிற இடத்தைவிடக் குனிந்து நிற்கிற இடம்தான் அதிகம். கம்பெனி கொடுத்த தலைக்கவசத்தில் நெளியாத பக்கம் இல்லை. கட்டடம் கட்டினவன் என்னை நினைத்துக் கட்டவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நகரத்தின் பழைய அடுக்குமாடிகள் பலவும் அவர் பொறுப்பில் இருந்தன. இரண்டு மாடிக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் போன் வரும். போய் நின்றதும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். எந்த மாடிக்குப் போகிறீர்கள், யார் வீட்டுக்கு, பையில் என்ன வாங்கி வந்தீர்கள் என்று ஊர்க்கதை எல்லாம் கேட்பார். கதவு திறக்கும்போது உள்ளே இருந்தவர் பயத்தை மறந்து, பாதிக் கதையோடு வெளியே வருவார்.

மனைவி இருந்தவரைக்கும் அப்படி இருந்தார்.

மனைவிக்கு வயிற்றில் ஆரம்பித்த நோய் யாரையும் யோசிக்க விடவில்லை. மருத்துவமனைக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு நெட்டையர் வேலைக்குப் போனார், வந்தார். குழிக்குள் இறங்கினார், ஏறினார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்தினால், "திறக்கறேன், இருங்க" என்பதோடு சரி. அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருந்தவள், அப்பா சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து, கணவனையும் அழைத்துக்கொண்டு இந்த வீட்டுக்கே குடி வந்துவிட்டாள். அவளே அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் கழித்து, இனி வேண்டாம், தேறிவிட்டீர்கள் என்று மருத்துவர் நிறுத்தினார். தேறியது அவருக்குத் தெரியவில்லை. மாத்திரை நின்றது தெரிந்தது.

ஊருக்கு வெளியே கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளத்தில் துப்பாக்கி சுடும் கிளப் இருந்தது. அதன் செயலாளர் ஒரு பல் மருத்துவர். அவர் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டை நெட்டையர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிளப்பில் சுடுவதற்காகக் களிமண் தட்டுகளை ஆகாயத்தில் வீசுகிற இயந்திரம் ஒன்று மக்கர் பண்ணியது. விற்ற கம்பெனிக்காரன் வருவதாகச் சொல்லி வராமலே இருந்தான். நீங்கள் ஒரு தடவை பார்த்துத்தர முடியுமா என்று செயலாளர் கேட்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டையர் போனார். பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. சுருள்வில் தளர்ந்து, மோட்டார் ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. சரிசெய்துவிட்டுக் கை துடைத்தவரை, ஒரு தட்டு சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே சுடச் சொல்லித் தருகிறவர் ஒரு பெண். முன்பு பேருந்து ஓட்டியவர். எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவர் நெட்டையரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, காலை எப்படி வைப்பது, கன்னத்தை எங்கே பதிப்பது என்று காட்டினார். "துப்பாக்கியப் பாக்காதீங்கண்ணே. தட்டை மட்டும் பாருங்க, கை தானா வரும்" என்றார். தயாரானதும் "விடு" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தார். ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று கீழேயிருந்து கிளம்பிப் பள்ளத்துக்கு மேலே ஏறியது. அவர் விசையை இழுத்தார். தட்டு பொடிப்பொடியாகி, புகை மாதிரி ஒன்று ஆகாயத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

அடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் பிறகுதான் வந்தது. தட்டு கிளம்பியதற்கும் உடைந்ததற்கும் நடுவே தலைக்குள் ஒன்றுமே இல்லை. மருத்துவமனைக் கட்டில் இல்லை, மூச்சு நின்ற முகம் இல்லை. மனைவி போனபின் முதல் தடவையாக, அவர் கேட்காமலே, அது கொஞ்ச நேரம் அவரை விட்டது. அடுத்து வந்த தட்டுகளில் ஒன்றுகூட உடையவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

ஞாயிறு தவறாமல் போனார். கிளப்பின் துப்பாக்கிகள் எல்லாம் வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கென்று பின்பக்க மரக்கட்டையை வளைத்தவை. இவரோ இடது கைக்காரர். கை வேறு அநியாயத்துக்கு நீளம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டை கன்னத்தில் ஒரு குத்து விடும். கன்றிப்போன கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவரை மகள் பார்த்துவிட்டாள். லிஃப்ட் கதவு இடித்ததாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ, உள்ளதைச் சொன்னார். மருமகனுக்கு ஒரே குஷி. மாமாவுக்கு இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா என்று விவரமெல்லாம் கேட்டான். மகள் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, "ஜாக்கிரதையா இருங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இரவல் துப்பாக்கியில் இதற்குமேல் தேற முடியாது, சொந்தமாக ஒன்று வாங்குங்கள் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். துப்பாக்கிக் கடை ஆணிக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கோட்டு தைக்கிறவர் மாதிரி அவர் கையையும் தோளையும் கழுத்தையும் அளந்தார். புதிதாக இருந்த எதுவும் சரிப்படவில்லை. எல்லாம் எடுத்து வைத்து முடிந்தபின் உள்ளறைக்குப் போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல். இடது தோளுக்கென்றே வளைத்த, நீளமான கட்டை. முன்பு வைத்திருந்தவருக்குத் தோள் எலும்பு தேய்ந்துபோய் விற்றுவிட்டாராம்.

கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுபோங்கள், பிறகு திறங்கள் என்றார் கடைக்காரர். நெட்டையர் அப்படியே செய்தார். திறந்தபோது குழலின் மேல்பட்டை கோடு போட்ட மாதிரி கண்ணுக்கு நேராக நின்றது. கட்டை கன்னத்தில் பதிந்தது தெரியவேயில்லை.

"இது உங்களுக்காகவே இத்தனை வருஷம் இங்க குந்தியிருந்துச்சு போல" என்றார் கடைக்காரர்.

பணம் கட்டிவிட்டார். ஆனால் உரிமம் வரும்வரை துப்பாக்கி கடையில்தான் இருக்க வேண்டும். அதுவரை வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். கடைக்காரரும் எடுத்துக் கொடுப்பார். குழலைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், ஒரு தடவை தோளில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பெண் பார்த்துவிட்டு முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கிண்டல் செய்தார்.

வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டும் என்பது விதி. தன் படுக்கையறைச் சுவரில் அவரே துளை போட்டு, லிஃப்டைத் தாங்குகிற கனத்துக்கு போல்ட் அடித்து மாட்டினார். மருமகன் வந்து ஆட்டிப் பார்த்தான். "வீடே விழுந்தாலும் பெட்டி நிக்கும் மாமா" என்றான். மனைவி போனபின் அந்த அறையில் அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். உரிமத்துக்கான விண்ணப்பத்தில் பழைய மாத்திரை விவரத்தையும் அவர் மறைக்கவில்லை. அது முடிந்துபோன கதை, அதனால் தடை இல்லை என்று மருத்துவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாலை, காவல் துறையிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். நயமாகப் பேசுகிற மனிதர். பெட்டியை இழுத்துப் பார்த்துப் பாராட்டினார். பிறகு, வீட்டில் இருப்பவர்களிடம் தனித்தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். மருமகனிடம் வாசலில் நின்றே பேசி முடித்தார். மகளிடம் சமையலறையில் பேசினார். கதவு சாத்தியிருந்தது. நெட்டையர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பேச்சு நீண்டது. வெளியே வந்த அதிகாரி, ஊற்றி வைத்திருந்த தேநீரைக் குடிக்காமலே கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து உரிமம் மறுக்கப்பட்டதாகத் தபால் வந்தது. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தபோது, மேஜையில் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்த மகள் பேனாவை மூடி வைத்தாள்.

"நான்தாம்பா வேண்டாம்னு சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளே சொன்னாள். அம்மா இறந்த வருஷம் ஒரு நாள், அவர் மறந்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கொடுக்க அவர் வேலை செய்த கட்டடத்துக்குப் போயிருந்தாள். மேல்மாடியில் இருப்பார் என்று காவலாளி சொன்னான். படியேறிப் போனாள். அங்கே லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. லிஃப்ட் இல்லை. வெறும் குழி. அவர் வாசற்படி விளிம்பில் காலைக் குழிக்குள் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை இல்லை. பக்கத்தில் கருவிப் பை இல்லை. லிஃப்ட் கயிறு பார்க்கிறேன், நீ போ என்றார். அவள் போகவில்லை. பின்னால் உட்கார்ந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவராக எழுந்திருக்கும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்க அப்பா இருக்கற வீட்டுல துப்பாக்கிய வச்சுட்டு நீங்க நிம்மதியா பள்ளிக்கூடம் போவீங்களான்னு அந்த ஆபீசர் கேட்டார்ப்பா. எனக்குப் பொய் வரலை."

அவர் தபாலை மடித்தார். மடிப்பு சரியாக வராமல் மறுபடி பிரித்து மடித்தார்.

"அன்னைக்கு நான் கயிறு பாக்கலைம்மா."

"தெரியும்பா."

"இப்ப அந்த நெனப்பெல்லாம் இல்லை."

"இல்லாம இருக்கலாம். எனக்கு எப்படிப்பா தெரியும்?"

தனக்கே அது நிச்சயமாகத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தார். அவள் மேல் கோபப்பட வேண்டும் என்று தேடினார். கோபம் கிடைக்கவில்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சத் தாள்களைத் திருத்தினாள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மருத்துவர் சொன்னார். ஆனால் கூட வசிக்கிறவர் ஒப்பாதவரை பலன் இருக்காது என்றும் சொன்னார். நாங்கள் வேண்டுமானால் தனியாகப் போய்விடுகிறோம் என்று மருமகன் இழுத்தான். மகள் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. நெட்டையரும் அது வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அது அத்தோடு நிற்கவில்லை. உரிமம் மறுக்கப்பட்டவர் கையில் கிளப் துப்பாக்கியைக்கூடக் கொடுக்கக் கூடாதாம். செயலாளர் இதைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, சோபாவில் உட்காரவைத்துச் சொன்னார். சட்டம் அப்படி, என் கையில் ஒன்றும் இல்லை அண்ணே என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். வேண்டுமானால் வந்து தட்டு வீசுகிற இயந்திரத்தை இயக்குங்கள், எல்லோருக்கும் உங்களைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றார்.

போனார். பள்ளத்தின் ஓரம் சிமெண்டு போட்ட சின்ன அறை அது. தட்டு வெளியே பாய்கிற சந்து மட்டும் திறந்திருக்கும். மேலே யாரோ "விடு" என்பார்கள். இவர் பொத்தானை அமுக்குவார். தட்டு சந்து வழியாகப் பாயும். பிறகு வெடிச்சத்தம். உடைந்ததா தப்பியதா என்று அங்கிருந்து தெரியாது. சில ஞாயிறு அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு மாஸ்டர் தேநீரோடு கீழே இறங்கி வந்து, பொத்தானையும் அவரையும் ஒரு தடவை பார்த்து, டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து நெட்டையர் போகவில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். கட்டிய பணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் துப்பாக்கி வேறொருவருக்குப் போயிற்று. வாங்கியவர் வலது கைக்காரர். கட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொண்டாராம். சாலையில் எதிர்ப்பட்டபோது கடைக்காரரே சொன்னார். அப்படியா, நல்லது என்றார் நெட்டையர். அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று மகள் கேட்டதற்கு, பல்வலி என்றார். சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றப் பார்த்தார்கள். சுவர் பெயர்ந்து வந்ததே தவிர போல்ட் அசையவில்லை. அதில் கம்பளிகளை வைத்துக்கொண்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷமே மருமகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவரையும் கூட வரச் சொல்லி மகள் எவ்வளவோ கெஞ்சினாள். அவர் அசையவில்லை. மூட்டை கட்டி முடித்த அன்று அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் நான் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை, அந்த அதிகாரியிடம் போய் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"உனக்குப் பயம் போயிடுச்சாம்மா?"

அவள் குனிந்து, கட்டிய மூட்டையின் முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

"அப்ப வேண்டாம்" என்றார்.

இப்போது தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்பு அவள் போன் செய்கிறாள். என்னப்பா பண்றீங்க என்பாள். சும்மாதான் இருக்கேன் என்பார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்காது. மணி அடிக்கத் தொடங்கியதுமே எடுத்துவிடுவார். கொஞ்சம் தாமதித்தால் அவள் குரல் மாறிப்போவது அவருக்குத் தெரியும். கடைக்குப் போனாலும் மாடியில் துணி உலர்த்தினாலும் போன் சட்டைப் பையில் இருக்கும்.

ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்ததில் சத்தம் கேட்கவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் வாசல் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பாதி சவரத்தில் எழுந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. உங்கள் மகள் போன் செய்தார்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

"இருக்கேன்னு சொல்லிடுங்க" என்றார் நெட்டையர். பிறகு, தானே சொல்வதுதான் முறை என்று தோன்றி, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனைத் தேடி உள்ளே போனார்.