மேலே எந்தக் கை

"செப்டம்பர், கடைசிச் சனிக்கிழமை. மட்டை வாங்கப் போனேன். இடதா வலதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். துடைப்பம் கொடுத்தார்."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். வின்னிபெக் நகரத்துக்கு வந்த நாள் முதல் ஒரு நாளும் விடாமல் எழுதி வருகிறேன். எத்தனை அங்குலம் பனி விழுந்தது, பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்பதுகூட அதில் இருக்கும். அன்றைக்கு மட்டும் நான்கு வாக்கியங்களோடு நிறுத்தியிருக்கிறேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

ஐஸ் ஹாக்கிப் பொருள்கள் விற்கும் கடை அது. ஒரு சுவர் முழுக்க மட்டைகள். பாதி மட்டைகளின் நுனி ஒரு பக்கம் வளைந்திருந்தது, மறுபாதி எதிர்ப்பக்கம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இதில் என்ன விந்தை என்று தோன்றலாம். நாம் தரையில் ஆடும் ஹாக்கியில் இடது மட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லா மட்டைக்கும் இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. உருண்டைப் பக்கம் பந்தைத் தொட்டால் தப்பாட்டம். புதுக்கோட்டையில் நான் படித்த பள்ளியில், விளையாட்டு அறையின் மூலையில் ஒரு சாக்கில் பதினெட்டு மட்டைகள் நிற்கும். எது கையில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு ஓடுவோம். மேலே இடது கை, கீழே வலது கை. யாரும் யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை.

கடைக்காரருக்கு நரைத்த மீசை, பொறுமையான குரல். நான் விழிப்பதைப் பார்த்து உள்ளே போய் நீளக் காம்புள்ள துடைப்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். "யோசிக்காதீர்கள். வீட்டில் பெருக்குவதுபோல இந்தத் தரையைப் பெருக்குங்கள்" என்றார். இரண்டு கைகளில் எது மேலே போகிறது என்று பார்ப்பதற்கான சோதனையாம். அது பிறகுதான் தெரிந்தது. நான் வீட்டில் பெருக்குவதுபோலவே பெருக்கினேன். இடுப்பை வளைத்துக் குனிந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் துடைப்பத்தின் அடிப்பக்கத்தைப் பற்றி, சரக் சரக்கென்று. மேலே நீண்டிருந்த காம்பு பின்னாலிருந்த தட்டில் இடித்து ஒரு ஹெல்மெட்டை உருட்டிவிட்டது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்தக் கையால் எழுதுவீர்கள்?" என்றார். வலது என்றேன். "அப்படியானால் வலது கைதான் வலுவான கை. வலுவான கை மேலே இருக்க வேண்டும். இடது கை கீழே. உங்களுக்கு இடது மட்டை" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நன்றி என்றேன். இந்த நாட்டில் எனக்குப் புரியாத இடத்திலெல்லாம் நான் சொல்லும் சொல் அதுதான்.

நாற்பத்திரண்டு வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். புதிதாகக் கற்கும் பெண்களுக்கு ஓர் அணி, எட்டு ஞாயிறு பயிற்சி, முடிவில் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுப்போம் என்று. இருபத்தொரு பேர் வந்தோம். இந்த ஊரில் என் பெயர் இருக்கும் பட்டியல்கள் நிறைய உண்டு. வரி, வாடகை, வாக்கு, நூலகம். எல்லாம் நானே படிவம் நிரப்பிக் கொடுத்து வந்தவை. யாரோ ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, இவள் வேண்டும் என்று எழுதிய பட்டியல் ஒன்றுகூட இல்லை. கடைசியாக அப்படி ஒருவர் எழுதியது பதினோராம் வகுப்பில், எங்கள் பி.டி. சார், பள்ளி அணியில். பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத் தேர்வு நடந்த அன்றைக்கு எனக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. அதன்பின் மட்டையைத் தொடவில்லை. அந்தப் பதினைந்தில் ஒன்று எனக்கு வேண்டும் என்று முதல் ஞாயிறே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நான்கு ஞாயிறுகளின் குறிப்புகளைப் புரட்டினால் விழுந்த எண்ணிக்கைதான் இருக்கிறது. பனியில் சறுக்க முந்தைய இரண்டு குளிர்காலங்களிலேயே பழகியிருந்தேன். சிக்கல் அதில் இல்லை. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. அதற்குப் பக் என்று பெயர். பக் என் காலை நோக்கி வரும்போதெல்லாம் நான் துள்ளிக் காலைத் தூக்கிவிடுவேன். நம் ஆட்டத்தில் பந்து காலில் பட்டால் தப்பு அல்லவா? இங்கே காலால் நிறுத்தலாம், தள்ளலாம், ஒன்றும் சொல்லமாட்டார்கள். உடம்புக்கு அது தெரியாதே. சறுக்குக் காலணியோடு துள்ளினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அணித் தலைவி ஷானன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், இதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அருகில் வந்து, "பக்கைக் கண்டால் உனக்குப் பயமா?" என்று மென்மையாகக் கேட்டார். "இல்லை, மரியாதை" என்றேன். தப்பாட்டம் ஆகிவிடக் கூடாதே என்ற எண்ணத்தை என் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்ல வந்தது.

நான்காவது ஞாயிறு பயிற்சி முடிந்ததும் ஷானன் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "நீ எல்லோரையும்விட அதிகமாக உழைக்கிறாய். ஆனால் மட்டையும் நீயும் அந்நியர்கள்போல இருக்கிறீர்கள். காத்திருப்போர் பட்டியலில்தான் உன்னைப் போட முடியும் என்று நினைக்கிறேன்." அன்று ஒரு தோழி எடுத்த காணொளியை மகேசுக்கு அனுப்பினேன். மகேசு என்னோடு பள்ளி அணியில் ஆடியவள், இப்போது விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். மறுநாள் சாயங்காலம் அழைத்தேன். அவளுக்கு அது செவ்வாய் விடிகாலை, மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, வெளையாடப் போனியா, வாசக் கூட்டப் போனியா?"

"சிரிக்காதடி. பனியில வந்து நின்னு பாரு, தெரியும்."

"நீ எங்கடி நின்ன? முழு வீடியோவும் பாத்தேன், படுத்துத்தான் கெடக்குற. சரி, அத விடு. கை ஏன் மாறிருக்கு?"

"எந்தக் கை?"

"மேல சோத்தாங்கைய வச்சிருக்க. சார் பாத்திருந்தாருன்னா கிரவுண்ட நாலு சுத்து ஓட விட்டிருப்பாரு. நமக்கெல்லாம் மேல நொட்டாங்கைதானடி. அதுலயும் ஒனக்கு அந்தக் கையிலதான் ஆட்டமே. ஒங்கிட்டேருந்து பந்த எடுக்க முடியாம நான் எத்தன நா அழுதிருக்கேன்."

"இங்க எழுதுற கைதான் மேலங்கிறாங்க."

"எழுதுறதுக்கும் இதுக்கும் என்னடி? இங்கிட்டு இருந்தப்ப எவ சொல்லையும் கேக்க மாட்ட. அங்கிட்டுப் போயி யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுறியா?"

மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்குப் போய் வலது மட்டை ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இந்த முறை அவர் எதையும் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு ஷானன் மட்டையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது. இப்போது மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேண்டாம்."

"என் இடது கைக்கு மட்டை தெரியும்" என்றேன்.

"ஓ, நீ இடது கைக்காரியா? முதலிலேயே ஏன் சொல்லவில்லை?"

"இல்லை, நான் வலது கையால்தான் எழுதுகிறேன், சாப்பிடுகிறேன்."

"அப்படியானால் வலது கைக்காரி."

"அதுவும் தெரியவில்லை."

ஷானன் கையுறையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான்கு ஞாயிறு இருக்கிறது. உன் விருப்பம்" என்று சறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு ஞாயிறு என்றால் நடுவில் இருபத்தொரு காலைகள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் அரை மணி நேரம், வீட்டுக் கார் கொட்டகையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு உருட்டினேன். இடது கை மேலே போனதுமே மட்டை கனம் குறைந்ததுபோல் இருந்தது. மணிக்கட்டு தானாகத் திரும்பியது. ஆனால் கூடவே பழைய பழக்கமும் திரும்பிவிட்டது. மட்டையின் பின்பக்கம் பந்தில் படக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் மட்டையைக் கவிழ்த்துப் போட்டேன். இங்கே பின்பக்கமும் ஆடலாம். கை அறிந்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பிரிப்பதுதான் வேலையாகிப்போனது. சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைக் காலால் நிறுத்தப் பழகினேன். ஒன்பதாவது காலைவரை துள்ளினேன் என்று குறிப்பு சொல்கிறது. பத்தாவது நாள் துள்ளவில்லை.

எட்டாவது ஞாயிறு எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினோம். வலது ஓரப் பலகையை ஒட்டி ஒரு பக் வேகமாக வந்தது. இடது மட்டைக்காரர்கள் அந்த இடத்தில் மட்டையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்த் தடுமாறுவார்கள். எனக்கு மட்டை அந்தப் பக்கமே இருந்தது. ஆனாலும் மட்டைக்கு எட்டவில்லை, வலது காலில் வந்து இடித்தது. கால் அசையாமல் நின்றது. அங்கிருந்து மட்டைக்கு இழுத்து, நடுவில் வந்துகொண்டிருந்த ஷானனுக்குத் தள்ளினேன். அவர் கோலுக்குள் போட்டார். திரும்பி வரும்போது என் ஹெல்மெட்டில் ஒரு தட்டு.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. பதினான்காவது பெயர் என்னுடையது. பதினைந்து பேரில் வலது மட்டை மூன்றே பேர். வலது ஓரத்துக்கு ஆள் தேவைப்பட்டதும் ஒரு காரணம் என்று ஷானன் பிற்பாடு ஒத்துக்கொண்டார். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. இவள் தேவை என்று யாராவது எழுத வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்.

ஆனால் ஷானன் கேட்டது மட்டும் உள்ளே கிடந்தது. பிறவியில் நான் எந்தக் கைக்காரி? அந்த வாரமே அம்மாவை அழைத்தேன். கந்தர்வக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் தஞ்சாவூர்ச் சாலையோரம் கொட்டகை போட்டு, முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்து, பேருந்தில் போகிறவர்களுக்கு விற்பது எங்கள் வீட்டுத் தொழில். அம்மாவும் சித்தியும் இன்றும் அங்கேதான் உட்கார்கிறார்கள். இரண்டு பேரும் போனில் இருந்தார்கள்.

"நீ எல்லாஞ் சோத்தாங்கையாலதான் செஞ்ச. எவ என்ன சொன்னா?" என்றார் அம்மா.

சித்தி குறுக்கிட்டார். "அக்கா, பொய் சொல்லாத. கொட்ட ஒடைக்கிறப்ப கட்டைய இவ நொட்டாங்கையிலதான் புடிப்பா. எம் முழங்கையில வந்து இடிக்குதுன்னுதான இவள வரிசைக் கடைசியில ஒக்கார வச்சது."

"போடி இவளே. பஸ்ஸு வந்தா மொதல்ல ஓடிப்போயி ஏறி விப்பான்னு ஓரத்துல வச்சேன். ஒன் முழங்கைக்குப் பயந்தா நான் கட கட்டுனேன்?"

ஓரத்தில் உட்கார்ந்தேன் என்பதில் இருவருக்கும் ஒற்றுமை. எந்த ஓரம் என்று தெரிந்தால் வழக்கு தீர்ந்துவிடும். எல்லோரும் வலது கையால் அடிக்கும் வரிசையில், இடது கைக்காரி யாரையும் இடிக்காமல் உட்கார இடது ஓரம்தான் இடம். அங்கே இருந்திருந்தால் சித்தி சொல்வது சரி. வலது ஓரம் என்றால் அம்மா சொல்வது. தஞ்சாவூரிலிருந்து வரும் பேருந்தை வரிசையில் முதலில் பார்ப்பவள் நான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது; ஆக, நான் இருந்தது தஞ்சாவூர்ப் பக்க ஓரம். ஆனால் சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகை எதிர்ப்பக்கத்துக்கு மாறியது. பழைய பக்கம் இருந்து பார்த்தால் தஞ்சாவூர் இடது ஓரம், புதுப் பக்கம் இருந்து பார்த்தால் அதுவே வலது ஓரம். நான் கட்டை பிடித்தது மாறுவதற்கு முன்பு என்கிறார் சித்தி. மாறிய பிறகு என்கிறார் அம்மா. அந்த நாள்களின் புகைப்படம் எதுவும் வீட்டில் இல்லை. சாலையின் எந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.